ஓடுகிறது, ஆனால் ஆதரவு இல்லை: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கேம்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பையன்கள் கேம் ஆடுவது பெரும்பாலும் ஏதாவது அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பில்தான், அதில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகியிருப்பார்கள். அதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்கக் காசும் கிடையாது. யூடியூபில் யாரோ "லினக்ஸுக்கு மாறுங்கள், எல்லா கேமும் ஓடும்" என்று சொல்லியிருப்பார். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் இயங்குதளம், அதில் ஒரு வகை மிண்ட். அதைப் பார்த்துவிட்டு வந்து "அங்கிள், மிண்ட் போட்டா ஃபிஃபா ஓடுமா?" என்று கேட்கிறார்கள். (அந்த கேமின் பெயர் 2023-லேயே இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று மாறிவிட்டது, ஆனால் இங்கே அது என்றைக்கும் ஃபிஃபாதான்.)

ஓடாது. அதே கணினியில் இன்னும் ஆயிரக்கணக்கான கேம்கள் நன்றாக ஓடும், சில விண்டோஸில் ஓடியதைவிடச் சீராகவே ஓடும், ஆனால் ஃபிஃபா ஓடாது. "லினக்ஸ் இன்னும் வளரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் காரணம் அது இல்லை. ஒரு கேம் லினக்ஸில் ஓடுவது ஒரு சங்கதி, அதைச் செய்த கம்பெனி "லினக்ஸில் ஆதரவு தருகிறோம்" என்று சொல்வது முற்றிலும் வேறு சங்கதி. முதலாவது பொறியியல் வேலை, அதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது, அதுவும் கேம் கம்பெனிகளின் தயவில்லாமல் வெளியாட்களே செய்து முடித்தார்கள். இரண்டாவது ஒரு வாக்குறுதி: அடுத்த அப்டேட்டில் உடைந்தால் சரிசெய்வோம், புகார் எழுதினால் பதில் சொல்வோம், ஏமாற்றி ஆடுகிறவனைப் பிடிப்போம். அந்த வாக்குறுதியைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பழங்கதை. லினக்ஸ் டெஸ்க்டாப் என்ற கனவில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்காமில் பிறந்து கேப்டவுனில் வளர்ந்தவர், தாவ்ட் கம்பெனியை 1999-இல் வெரிசைனுக்கு விற்று, 2002-இல் விண்வெளிக்கும் போய்வந்து, 2004-இல் உபுண்டுவை வெளியிட்டார். அப்போது இங்கே இணையம் ஆமை வேகம், விலையோ யானை விலை. அதனால் ஷட்டில்வொர்த் அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்று ஒரு பெட்டியைப் பொது இடங்களில் வைத்தது, வெற்று சிடியைக் கொண்டுபோய்ச் செருகினால் லினக்ஸை எரித்துக் கொடுக்கும். உபுண்டுவின் பிழைப் பட்டியலில் முதலாம் எண் பிழையாக ஷட்டில்வொர்த் எழுதி வைத்ததே "சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது" என்பதுதான். 2013-இல் அதை அவரே மூடிவிட்டார். காரணம் டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஜெயித்தது அல்ல, போனும் டேப்லெட்டும் வந்து கணக்கையே மாற்றிவிட்டன. டெஸ்க்டாப்பில் நிலைமை அப்படியேதான் இருந்தது.

கேம்களுக்கு அந்த நிலைமைதான் எமன். ஆடுகிறவர்கள் இல்லாததால் கேம் வருவதில்லை, கேம் வராததால் ஆடுகிறவர்கள் வருவதில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. 1998-இல் லோக்கி என்ற கம்பெனி இதை உடைக்கப் பார்த்தது. குவேக் 3, சிவிலைசேஷன்: கால் டு பவர் போன்றவற்றை லினக்ஸுக்கு மாற்றி, பெட்டியில் போட்டுக் கடையில் விற்றார்கள். 2002 தொடக்கத்தில் கடையை மூடினார்கள். மிஞ்சியது ஒன்று: அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம். திரை, ஒலி, கீபோர்டு, கன்ட்ரோலர் இவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி அணுக உதவுவது. இன்றைக்கும் எத்தனையோ கேம்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. கம்பெனி போனாலும் கருவி நிற்பது லினக்ஸ் உலகத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

சரி, ஒரு கம்பெனிக்கு இன்று மனசு வந்துவிட்டது, லினக்ஸுக்கென்றே கேம் வெளியிடுகிறோம் என்கிறது. அடுத்த நிமிடமே வரும் கேள்வி: எந்த லினக்ஸுக்கு? உபுண்டுவுக்கா, ஃபெடோராவுக்கா, ஆர்ச்சுக்கா? இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதற்கு மேல் இருக்கும் நூலகங்களின் பதிப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. கேம் என்பது தொகுக்கப்பட்டுப் பூட்டிய பைனரி, மூலநிரல் வெளியே வராது, அதனால் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகையும்) தன் வசதிக்கு மறுபடி தொகுத்துக்கொள்ள வழியில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு வெளியிட்டுவிட்டு மறந்துபோன கேம் இன்றைய நூலகங்களோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸே 2014-இல் டெபியன் மாநாட்டில் இதைப் பற்றிப் புலம்பினார்: தன்னுடைய ஸ்கூபா டைவிங் செயலிக்கு விண்டோஸ் பைனரி கொடுக்கிறோம், மேக் பைனரி கொடுக்கிறோம், லினக்ஸுக்கு மட்டும் கொடுப்பதில்லை, ஏனென்றால் அது அவ்வளவு தலைவலி என்றார். லினக்ஸை உருவாக்கினவரே இப்படிச் சொன்னால், சியாட்டிலிலோ ஸ்டாக்ஹோமிலோ ஐம்பது கேம்களுக்கு நடுவில் தன் கேம் விற்குமா என்று பயந்துகொண்டிருக்கும் தயாரிப்பாளர் என்ன சொல்வார்?

இது பழைய கதையும் இல்லை. 2022 ஆகஸ்டில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் 2.36 பதிப்பு வந்தது. நூலகத்தில் ஒரு பழைய அட்டவணை உண்டு, அதற்குப் பதிலான புதியது எத்தனையோ வருஷமாக இருக்கிறது, பழையது இனி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பரீதியில் நியாயமான முடிவுதான். ஆனால் ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் ஈஸி ஆன்டி-சீட் என்ற நிரல் அந்தப் பழைய அட்டவணையைத்தான் படித்துக்கொண்டிருந்தது, அதனால் ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்களில் அந்தப் பாதுகாப்பு உள்ள கேம்கள் திடீரென்று நின்றுபோயின. யார் தவறு என்று வாரக்கணக்கில் சண்டை நடந்தது. ஆடுகிறவனுக்கு யார் தவறாக இருந்தால் என்ன, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். 2019 ஜூனில் உபுண்டுவே இன்னொரு குண்டைப் போட்டது: 19.10 பதிப்பிலிருந்து 32 பிட் நூலகங்கள் கிடையாது என்று. வால்வ் கம்பெனியின் ஸ்டீம் என்ற கேம் கடையும் பழைய கேம்களும் அந்த நூலகங்களை நம்பித்தான் இருந்தன. இனி உபுண்டுவை அதிகாரபூர்வமாகப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று வால்வ் தரப்பிலிருந்து சொன்னதும், சில நாட்களிலேயே உபுண்டு பின்வாங்கித் தேவையான 32 பிட் நூலகங்களை வைத்துக்கொண்டது. டெஸ்க்டாப் லினக்ஸில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது அந்த வாரத்தில்தான்.

இனி பணக் கணக்கு. இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிளானட்டரி அனிஹிலேஷன் கேமில் வேலை செய்த ஒருவர், லினக்ஸ் பயனர்கள் விற்பனையில் 0.1 சதவீதம்கூட இல்லை, ஆனால் தானாக வந்த கிராஷ் அறிக்கைகளிலும் உதவிக் கோரிக்கைகளிலும் 20 சதவீதத்துக்கு மேல் அவர்களுடையவை என்று எழுதியிருந்தார். அது பரவி, "லினக்ஸ் ஆதரவு நஷ்டம்" என்பதற்கு நிரந்தரச் சாட்சியாகிவிட்டது. ராக்கெட் லீக் 2020 மார்ச்சில் லினக்ஸ், மேக் இரண்டுக்குமான ஆதரவை நிறுத்தியபோது, இரண்டையும் சேர்த்தாலே ஆடுகிறவர்களில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற சின்ன விண்வெளி கேமைச் செய்தவர் 2021-இல் தன் கணக்கை வெளியே வைத்தார். விற்றதில் லினக்ஸ் 5.8 சதவீதம், பிழைப் புகார்களில் லினக்ஸ்காரர்கள் கொடுத்தது 38 சதவீதம். இதுவரை அதே பல்லவி மாதிரித்தான் இருக்கிறது. அந்தப் புகார்கள் ஏறத்தாழ 400, அவற்றில் லினக்ஸில் மட்டும் வரும் பிழை எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் மூன்று. மீதி எல்லாம் விண்டோஸிலும் இருக்கும் பிழைகள், விண்டோஸ்காரர்கள் பொறுத்துக்கொண்டோ திட்டிக்கொண்டோ சொல்லாமல் விட்டவை. அதுவும் லினக்ஸ்காரர்களின் புகார்கள் எந்தப் படியில் எது நடந்தது, பதிவுக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் விவரமாக இருந்தன என்று அவர் மெச்சினார். தரச் சோதனைக்கு ஆள் வைக்க முடியாத சின்னக் கம்பெனிக்கு இது இலவசமாகக் கிடைத்த சோதனைக் குழு.

ஆக ஒரே நிலவரத்தை ஒருவர் செலவு என்கிறார், இன்னொருவர் வரவு என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கிராபிக்ஸ் டிரைவர்கள் இன்னும் பக்குவப்படாத காலத்தில் கனமான முப்பரிமாண கேமை விற்றவருக்கு வந்தவை நிஜமான லினக்ஸ் கிராஷ்கள். சில வருஷம் கழித்து, கோடோ மாதிரி லினக்ஸை ஆரம்பத்திலிருந்தே மதிக்கும் எஞ்சினில் செய்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெரிய கம்பெனியின் கூட்ட அறையில் இந்த நுணுக்கமெல்லாம் எடுபடாது, அங்கே சதவீதம் ஒன்றுதான் பேசும். ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல் முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான்.

அந்த 3 சதவீதமும் கேம் கம்பெனிகள் லினக்ஸுக்கு வந்ததால் கிடைத்ததல்ல, அவர்கள் வராமலே அவர்களுடைய விண்டோஸ் கேமை ஓட்டுவதற்கு வழி பிறந்ததால் கிடைத்தது. ஒயின் என்ற திட்டம் 1993-இல் தொடங்கியது. விண்டோஸ் நிரல் இயங்குதளத்திடம் "ஒரு கோப்பைத் திற", "ஒரு ஜன்னலை வரை" என்று கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் லினக்ஸ் செய்யக்கூடியதாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. 1.0 பதிப்பு வர 15 வருஷம் ஆனது, 2008-இல். இடையில் 2012-இல் விண்டோஸ் 8 வந்தது, கூடவே மைக்ரோசாஃப்டின் சொந்தச் செயலிக் கடை. வால்வின் கேப் நியூவெல் அதைக் கணினித் துறைக்கே பேரழிவு என்றார். ஸ்டீம் என்ற கடையை விண்டோஸ் என்ற வாடகைக் கட்டடத்தில் நடத்துகிறவருக்கு வீட்டுக்காரர் எதிரிலேயே கடை போட்டால் வரும் பயம்தான் அது. 2013-இல் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது, 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகள் வந்தன, கேம் இல்லாமல் தோற்றன. அந்தத் தோல்வியிலிருந்து வால்வ் கற்றது ஒன்றுதான்: கேம் கம்பெனிகளைக் கெஞ்சிப் பயனில்லை.

2016-இல் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகம் வெளிவந்தது, வன்பொருளுக்கு மிக நெருக்கமாக வேலை செய்வது. ஃபிலிப் ரெபோலே என்பவர் நியர்: ஆட்டோமேட்டாவை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில், விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுத ஆரம்பித்தார். வால்வ் ஆளைப் பார்த்து 2018-இல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கோட்வீவர்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் கட்டி, 2018 ஆகஸ்ட் 21-இல் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. முதல் நாள் அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்தவை 27 கேம்கள்.

இதைக் கிட்டத்தில் பார்த்தால் எவ்வளவு நெளிவுசுளிவு என்று புரியும். ஒரு விண்டோஸ் கேமில் 'பிளே' பொத்தானை முதல்முறை அழுத்துகிறோம். ஸ்டீம் அந்த கேமுக்கென்று தனியாக ஒரு கோப்புறை திறக்கிறது, அதற்குள் ஒரு போலி சி டிரைவ். விண்டோஸ் என்ற கோப்புறை, புரோகிராம் ஃபைல்ஸ், பயனர் கோப்புறை எல்லாம் அதில் இருக்கும், பயனர் பெயர் 'ஸ்டீம்யூசர்'. ரெஜிஸ்ட்ரிகூட உண்டு, சாதாரண எழுத்துக் கோப்பாக. கேம் தான் விண்டோஸில் இருப்பதாகவே நம்பி விசுவல் சி++ கோப்புகளை நிறுவிக்கொள்கிறது. அதற்கப்புறம் "வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு பட்டை மெல்ல நகரும். கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் குட்டி நிரல்களை முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொள்ளும் வேலை அது, இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் ஒவ்வொரு புது வெடிப்புக்கும் படம் திக்கும். பழைய நான்கு கோர் கணினியில் இந்தப் பட்டை நகர்வதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். பையன்கள் பொறுமையில்லாமல் 'ஸ்கிப்' அழுத்திவிட்டு, லினக்ஸில் திக்குகிறது என்பார்கள்.

அப்புறம் கேம் தொடங்கும், அறிமுகக் காணொளி வரும் இடத்தில் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பு முடிந்ததும் காட்டுமே, அந்த வண்ணப் பட்டைகள் மட்டும் தெரியும். பலர் கேம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கும் இடம் இது. விஷயம் காப்புரிமை: விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன் வழியாக ஓடும் சில காணொளி வடிவங்களைப் பிரித்துக் காட்டும் நிரலை வால்வ் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்க முடியாது, உரிமக் கட்டணம் உண்டு. அதனால் வால்வ் அந்தக் காணொளிகளைத் தன் கணினிகளில் வேறு வடிவத்துக்கு மாற்றி, ஷேடர் தொகுப்போடு சேர்த்துத் தனியாக அனுப்புகிறது. கேமைப் போலவே அதற்கும் டேட்டா செலவாகும், மொபைல் டேட்டாவில் ஓட்டும் வீடுகளில் பலர் ஷேடர் பதிவிறக்கத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள், வண்ணப் பட்டை வருவதில் ஆச்சரியம் என்ன? புரோட்டான்-ஜிஇ என்ற சமூகப் பதிப்பைப் போட்டால் பல நேரம் படம் வந்துவிடும்.

புரோட்டானுக்காக லினக்ஸ் கெர்னலே வளைந்து கொடுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லினக்ஸில் உண்டு. தயாரிப்பாளர் ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி, இன்னொரு இடத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரித்துவிடும். 2019-இல் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் விடும் வசதி சேர்ந்தது. விண்டோஸ் கேம்கள் பல இழைகளில் ஒரே நேரத்தில் பல விஷயங்களுக்காகக் காத்திருக்கும், லினக்ஸில் அதற்கு நேரான வழி இல்லாததால் வேகம் குறையும். 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில் ஒரு தீர்வு, 2025 மார்ச்சில் வந்த 6.14-இல் என்டிசிங்க் என்ற இன்னும் நேரடியான தீர்வு. ஒரு போட்டிக் கம்பெனியின் இயங்குதளம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்காக லினக்ஸ் கெர்னலில் மாற்றம் செய்வார்கள் என்று 2002-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. விண்டோஸ் பதிப்பே ஓடுகிறபோது லினக்ஸுக்கென்று தனியாக எதற்குச் செய்ய வேண்டும் என்று கம்பெனிகள் கேட்க ஆரம்பித்துவிட்டன. "டக்ஸ் இல்லையேல் காசு இல்லை" என்று பென்குயின் சின்னம் இல்லாத கேமை வாங்க மறுத்த தலைமுறைக்கு இது துரோகமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. லினக்ஸுக்கென்று 2014-இல் வந்த சில கேம்களின் சொந்தப் பதிப்பு இன்று தடுமாறுகிறது, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஜம்மென்று ஓடுகிறது. லினக்ஸில் நிலையாக இருக்கும் ஒரே இடைமுகம் விண்டோஸினுடையதுதான் என்று ஒரு கிண்டல் உலாவுகிறது, அதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் இதன் விலை ஒன்று இருக்கிறது: கேம் கம்பெனிக்கு லினக்ஸில் ஆடுகிறவர் மேல் எந்தக் கடமையும் இல்லாமல் போய்விட்டது. நாம் அவர்களுடைய விண்டோஸ் வாடிக்கையாளர்தான், கொஞ்சம் விசித்திரமான விண்டோஸ், அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கே கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் கையில் வைத்திருப்பது பழசு. டிஎக்ஸ்விகே 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்லர் கார்டுகளுக்கு என்விடியா கடைசியாகக் கொடுத்த 470 வரிசை டிரைவர் 1.2-வோடு நின்றுவிட்டது, அதனால் பழைய டிஎக்ஸ்விகேயைத் தேடிப்பிடித்துப் போட வேண்டும். அலுவலகம் கழித்துவிட்ட பெட்டியில் தனி கார்டே இல்லாமல் இன்டெலின் நான்காம் தலைமுறை உள்ளமை கிராபிக்ஸ் மட்டும் இருந்தால், அதன் வல்கன் ஆதரவு அரைகுறை. விண்டோஸ் 11 தள்ளிவிட்ட கணினியை லினக்ஸ் காப்பாற்றும் என்பது பிரவுசருக்கும் பள்ளிப் பாடத்துக்கும் நூற்றுக்கு நூறு சரி, புது கேமுக்குச் சரியில்லை. ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி பாஸ்கல் கார்டுகள் இன்னும் தெம்பாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் 580-தான் கடைசி டிரைவர் வரிசை என்று என்விடியா 2025-இல் சொல்லிவிட்டது. ஏஎம்டி கார்டில் இந்தத் தொல்லை குறைவு, டிரைவர் மூலநிரலோடு கெர்னலிலும் மெசா என்ற திறந்த கிராபிக்ஸ் தொகுப்பிலும் இருக்கிறது, வால்வே ஆள் வைத்து மேம்படுத்துகிறது. ஒரு குறை: எச்டிஎம்ஐ 2.1 ஆதரவைத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டதை எச்டிஎம்ஐ அமைப்பு 2024-இல் மறுத்துவிட்டது, பெரிய 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸுக்கு ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. இரண்டாவது கை கார்டு வாங்குகிறவர்கள் ஏஎம்டி பக்கம் பார்ப்பது நல்லது.

இப்போது ஃபிஃபா. அதில் என்ன கோளாறு? படம் வரையத் தெரியாமல் இல்லை, புரோட்டானால் முடியும். 2022-இல் ஃபிஃபா 23-ஓடு இஏ தன் சொந்த ஆன்டி-சீட்டைக் கொண்டுவந்தது, அது விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. ஏமாற்று நிரல் எழுதுகிறவன் கெர்னல் மட்டத்துக்கு இறங்கிவிட்டான், அதனால் காவலும் அங்கேயே இறங்க வேண்டும் என்பது வாதம். ரயட் கம்பெனியின் வேன்கார்டு என்ற ஆன்டி-சீட் கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்கிறது. 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் அதைப் போட்டார்கள், அதுவரை ஒயினில் ஆடிக்கொண்டிருந்த லினக்ஸ் கூட்டம் ஒரே நாளில் வெளியே நின்றது. புரோட்டான் விண்டோஸ் அழைப்புகளை மாற்றித்தான் தரும், விண்டோஸ் கெர்னலாகவே ஆக முடியாது. அதனால் இதற்கு மாற்றுவழி எழுதிவிடலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்துவிட்டன. கேமைச் செய்தவர் தன் பக்கத்தில் அனுமதித்தால் போதும். நிறையப் பேர் செய்தார்கள், நிறையப் பேர் செய்யவில்லை. ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரர்களான எபிக்கே ஃபோர்ட்நைட்டுக்கு அனுமதிக்கவில்லை. அவரவர் சொந்தமாகத் தொகுத்துக்கொண்ட கெர்னல்கள் உட்பட இத்தனை விதமான கெர்னல்களுக்கு நடுவில் பெரிய அளவில் ஏமாற்றுக்காரர்களைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லை என்பது டிம் ஸ்வீனியின் பதில். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் அனுமதித்தது, 2024 அக்டோபர் 31-இல் கதவைச் சாத்தியது, லினக்ஸ் வழியாக வரும் ஏமாற்று நிரல்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார்கள். ஜிடிஏ ஆன்லைன் அதே 2024-இன் செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்தது, லினக்ஸுக்கான அனுமதியைக் கொடுக்கவில்லை, பத்து வருஷக் கேம் ஒரு அப்டேட்டில் போயிற்று.

லினக்ஸ்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன், ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தில் சாரம் இருக்கிறது. விண்டோஸில் கெர்னலுக்குள் போகும் டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம் வேண்டும், செக்யூர் பூட் (கையொப்பம் உள்ளதை மட்டுமே தொடங்கவிடும் ஏற்பாடு) இருந்தால் தொடக்கத்திலிருந்தே அந்தச் சங்கிலி அறுபடாது. லினக்ஸில் கெர்னல் என் சொத்து, நான் அதை மாற்றி, நினைவகத்தைக் கேட்கும் எவரிடமும் பொய் சொல்லும்படி தொகுத்துவைக்கலாம், அதுதான் அதன் சுதந்திரமே. காவல்காரனுக்கு அந்தச் சுதந்திரம் பிடிக்காது. மறுபக்கம், கெர்னலுக்குள் வெளியாளை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் காட்டிவிட்டது. ஒரு பழுதான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அதுவாவது பாதுகாப்பு மென்பொருள், கால்பந்து ஆடுவதற்கு என் கணினியின் கருவறைச் சாவியைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஏமாற்றுவதைச் சர்வர் பக்கத்திலேயே, ஆட்டக்காரரின் நடத்தையை வைத்துப் பிடிக்கலாம் என்பது இன்னொரு வழி, ஆனால் அதற்குச் சர்வர் செலவும் ஆளும் வேண்டும், கெர்னல் டிரைவர் மலிவு.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறதே என்பார்கள். ஓடுகிறது, டோட்டா 2-வும்தான். ஆனால் போட்டிக்கு ஆடுகிறவர்கள் போகும் ஃபேஸிட் தளத்தின் ஆன்டி-சீட் விண்டோஸுக்கு மட்டும். தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். ஐரோப்பிய சர்வருக்குப் போய்வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், அதனால் உள்ளூர் சர்வர் இருக்கும் சில கேம்களில்தான் இங்கே கூட்டம் சேரும், அந்தச் சில கேம்கள் கெர்னல் காவல் உள்ளவையாக இருந்தால் வேறு கேமுக்கு மாறி ஆடவும் ஆள் கிடைக்காது. தனியாக ஆடும் கேம்களை விரும்புகிறவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, அவர்கள் இன்றைக்கே மாறலாம். நண்பர்களோடு ஆடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டை அல்ல, அந்த கேமின் ஆன்டி-சீட் எது, தயாரிப்பாளர் லினக்ஸை அனுமதித்திருக்கிறாரா என்பதை. அதற்கப்புறம் ஆடுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிலும் உங்கள் கார்டு வைத்திருப்பவர் எழுதியதையே நம்புங்கள்.

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற வால்வின் கையடக்கக் கணினி ஒரு விஷயத்தைச் சாதித்தது. அது ஒரே வன்பொருள், ஒரே லினக்ஸ், அதனால் "எந்த லினக்ஸுக்கு?" என்ற கேள்விக்கு முதல் முறையாக ஒரு பதில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் வால்வ் அதை நேரடியாக விற்பதில்லை, இறக்குமதி செய்கிறவர்களிடம் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனாலும் டெக்குக்காகச் சரிசெய்யப்பட்ட கேம் நம் மிண்டிலும் ஓடுகிறது. 2025 நவம்பர் 12-இல் வால்வ் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது, இம்முறை ஆயிரக்கணக்கான கேம்களோடு வருகிறது.

ஆன்டி-சீட் கம்பெனிகளை அது மனம் மாற்றுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் எப்படி மாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது கையொப்பமிட்ட, பயனர் தொட முடியாத கெர்னல், அது மாறவில்லை என்று வன்பொருளே சாட்சி சொல்லும் ஏற்பாடு. பேட்டில்ஃபீல்ட் 6 விண்டோஸிலேயே செக்யூர் பூட் இல்லாமல் ஆட விடுவதில்லை. ஸ்டீம் மெஷினில் வால்வ் விரும்பினால் அப்படியொன்றைக் கட்டலாம், ஏனென்றால் பெட்டியும் அவர்களுடையது, இயங்குதளமும் அவர்களுடையது. அப்படி நடந்தால் இஏ "லினக்ஸில் ஆதரவு உண்டு" என்று அறிவிக்கக்கூடும், ஆனால் அந்த ஆதரவு வால்வ் கையொப்பமிட்ட ஸ்டீம்ஓஎஸ் என்ற அவர்களுடைய லினக்ஸுக்கு மட்டும். சொந்தமாகக் கெர்னல் தொகுக்கிறவர்கள், ஆர்ச்சில் இருப்பவர்கள், பழைய பெட்டியில் மிண்ட் போட்டவர்கள் எல்லாரும் அப்போதும் வெளியேதான் நிற்பார்கள். எனக்கு அது வேண்டுமா என்று கேட்டால், நான் ஃபிஃபாவை விட்டுவிடுவேன். பதினாறு வயதுப் பையனிடம் கேட்டால் அவன் பதில் வேறாகத்தான் இருக்கும், சந்தையை நடத்துவது அவன் பதில்தான்.